தடையை வரைவது எப்படி: மதுவிலக்கு பற்றிய கேலிச்சித்திரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி, குமரி மாவட்டத்தில் வரைவோருக்காக

மதுவிலக்குக் கார்ட்டூன் வரையச் சொன்னால் பெரும்பாலோர் முதலில் ஒரு பாட்டிலை வரைவார்கள். சறுக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பாட்டிலை வைத்து வரைந்தால் அது குடியைப் பற்றிய படம். தடையைப் பற்றிய படத்துக்கு வேண்டியவை பூட்டு, சாவி, முத்திரை, கையெழுத்து, சோதனைச் சாவடி, கைமாறும் காசு. சட்டம் சொல்வதற்கும் ஊரில் நடப்பதற்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. அதற்குள் புகுந்து வரைவதுதான் இந்த வேலை. குடிகாரனைத் தள்ளாட வைத்துச் சிரிப்பு வாங்குவது வேறு வேலை.

இந்த இடைவெளி குமரி மாவட்டத்தில் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது; அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்று களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை, ஆனால் பிராந்திக் கடையை அரசே நடத்துகிறது. ஒரே மழை, ஒரே காற்று, ஒரே மரம், சட்டம் மட்டும் இரண்டு. கார்ட்டூனிஸ்டுக்கு இதைவிட வளமான நிலம் அமைவது அரிது.

சட்டத்தை முதலில் படியுங்கள்

பென்சிலைத் தொடுவதற்கு முன், நீங்கள் வரையப்போகும் தடை எதைத் தடுத்தது, எதை விட்டுவைத்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கரு பெரும்பாலும் விட்டுவைத்த பகுதியில்தான் கிடைக்கும்.

நாடு முழுவதற்குமான தடைக்குப் பெரிய எடுத்துக்காட்டு அமெரிக்கா. அரசியல் சட்டத்தின் 18ஆவது திருத்தம் 1919 ஜனவரி 16இல் ஒப்புதல் பெற்று, 1920 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்தது. அதை அமல்படுத்த வந்த வோல்ஸ்டெட் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் வில்சன் நிராகரித்தார். நாடாளுமன்றம் அதையும் மீறி 1919 அக்டோபர் 28இல் நிறைவேற்றியது. 1933 டிசம்பர் 5இல் 21ஆவது திருத்தம் தடையை நீக்கியது. இந்தத் தேதிகள் தெரிந்தால் மட்டும் படம் வந்துவிடாது. கீழே இருப்பவற்றைப் பாருங்கள்.

தடுக்கப்பட்டவை தயாரிப்பு, விற்பனை, போக்குவரத்து, இறக்குமதி, ஏற்றுமதி. குடிப்பது குற்றம் இல்லை. தடைக்கு முன்பே வாங்கி வீட்டு நிலவறையில் அடுக்கிவைத்த பணக்காரர் தம் வீட்டில் தாராளமாகக் குடிக்கலாம். 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது சட்டப்படி மது. மருத்துவர் சீட்டு எழுதினால் 10 நாளுக்கு ஒரு பைண்ட், அதாவது ஏறத்தாழ 470 மில்லி விஸ்கி மருந்துக்கடையில் கிடைக்கும். தேவாலய வழிபாட்டுக்கான திராட்சை ரசத்துக்கு விலக்கு. கெட்டிப்படுத்திய திராட்சைச் சாற்றை விற்றவர்கள், 'இதை இப்படி இப்படி ஊறவைத்தால் ஒயின் ஆகிவிடும், ஆகவே அப்படிச் செய்யாதீர்கள்' என்று எச்சரிக்கை வடிவில் செய்முறையையே கொடுத்தார்கள். தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடித்துவிடாதபடி அதில் நச்சு கலக்க அரசே விதி வகுத்தது, 1927இல் அந்த நச்சின் அளவு கூட்டப்பட்டது, குடித்தவர்கள் செத்தார்கள். நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே சாராயம் கொண்டுபோய்க் கொடுத்த ஜார்ஜ் காசிடி என்பவர், வாடிக்கையாளர்களின் பெயரைச் சொல்லாமல் தம் வியாபாரக் கதையை 1930இல் செய்தித்தாளில் எழுதினார். தடை எப்படி நடக்கிறது என்று ஆராய அரசு அமைத்த விக்கர்ஷாம் குழு 1931 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, தடை சரியாக நடக்கவில்லை என்று பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, தடையை நீக்க வேண்டாம் என்று முடித்தது.

இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு கார்ட்டூன். நச்சு கலந்த விவகாரத்தை மட்டும் சிரிப்புக்கு எடுக்காதீர்கள். அதற்குக் கடுமையான, சிரிப்பில்லாத படம் வேண்டும்.

நம் பக்கத்துக்கு வாருங்கள். அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கி அரசு நடக்க வேண்டும் என்கிறது; ஆனால் வழிகாட்டு நெறி என்பதால் நீதிமன்றம் மூலம் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது; கலால் வருமானம் போன குறையை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. ஒரு தோளிலிருந்து பானையை இறக்கி மறு தோளில் மூட்டையை ஏற்றும் படம் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1971 ஆகஸ்டில் மதுவிலக்கு தளர்ந்தது, 1974 ஆகஸ்டில் திரும்ப வந்தது, எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவாகி, 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. திறந்து மூடி, மூடித் திறந்த இந்தக் கதவுக்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. வரைபவர் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கட்சியை மட்டும் குற்றவாளியாக்கி வரைந்துவிடுவார், வாசகர் அரை நொடியில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

யார் மீது அம்பு, யார் மீது கூடாது

தடையின் கேலிக்கு நான்கு பேர் இலக்காகலாம்: சட்டம் போட்டவர், சட்டத்தைக் காப்பவர், தடையால் லாபம் பார்ப்பவர், மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் செய்பவர். ஒரு படத்துக்கு ஒருவர் போதும். இரண்டு பேரைச் சேர்த்து அடித்தால் இரண்டு அடியும் மெலிந்துபோகும்.

குடித்துக் கிடப்பவர், அவர் மனைவி, பிள்ளை ஆகியோர் மீது அம்பு வேண்டாம். அவர்கள் தடையை எழுதவும் இல்லை, அதனால் சம்பாதிக்கவும் இல்லை. இந்த மாவட்டத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. பனையேறுதலை ஒரு சமூகத்தோடு ஒட்டிவைத்து இழிவுபடுத்திய நீண்ட வரலாறு இங்கே இருக்கிறது. கள்ளைப் பற்றிய படத்தில் பனையேறியின் உடம்பை, நிறத்தை, உடுப்பைச் சிரிப்புக்கு வைத்தால் அந்தப் பழைய இழிவையே நீங்கள் திரும்ப வரைகிறீர்கள். பனையேறி படத்தில் வரலாம். கேள்வி கேட்பவராக வரட்டும்.

2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தின் மேல் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அந்த இடத்துப் பெயரைச் சொன்னாலே இந்த மாவட்டத்தில் பலர் சற்று மௌனமாகிவிடுவார்கள். மதுவிலக்கைக் கேலி செய்யும் படத்தில் கோபுரத்தை ஒரு நகைச்சுவைப் பொருளாக வைக்காதீர்கள். வெளியூர்க்காரர் அறியாமல் செய்யலாம். உள்ளூர்க்காரருக்கு அந்தச் சாக்கு இல்லை.

சின்னம் உண்டாக்குவது

அமெரிக்கத் தடைக் காலத்தின் நினைவில் நிற்கும் உருவம் 'மிஸ்டர் டிரை'. நியூயார்க் வேர்ல்ட் இதழில் ரோலின் கர்பி வரைந்தது. கர்பி கார்ட்டூனுக்கான முதல் புலிட்சர் பரிசை 1922இல் பெற்றவர்; 1925இலும் 1929இலும் திரும்பப் பெற்றார். மிஸ்டர் டிரை நெட்டையான, ஒட்டிய கன்னமுள்ள மனிதர். நீண்ட கறுப்புக் கோட்டு, உயர்ந்த கறுப்புத் தொப்பி, கையில் குடை. இழவு வீட்டுக்குப் போகிறவர் போல இருப்பார்.

அந்த உருவம் ஏன் வேலை செய்தது என்று பிரித்துப் பாருங்கள். எந்தத் தனி மனிதரின் முகமும் அதில் இல்லை. ஆகவே ஆட்சி மாறினாலும் உருவம் செத்துப்போகவில்லை. மொத்த உருவமும் கறுப்பு, அதனால் செய்தித்தாளின் எந்த மூலையில் சிறிதாகப் போட்டாலும் கண்ணில் படும். மூன்றாவதுதான் முக்கியம்: அந்த மனிதருக்கு மகிழ்ச்சி ஆகாது என்பது உடுப்பிலேயே தெரிந்தது. அதைச் சொல்ல ஒரு வரி வசனம் தேவைப்படவில்லை.

அதே காலத்தில் ஒட்டகமும் மதுவிலக்கின் சின்னமாக வந்தது. தண்ணீர் குடித்தே வாழும் பிராணி என்ற பொருளில். கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கட்சிகளுக்குக் கழுதையையும் யானையையும் நிலைநிறுத்திய மரபின் தொடர்ச்சி அது. இதை நம் ஊருக்குத் தூக்கி வராதீர்கள். குமரியில் ஒட்டகத்தை வரைந்தால் பாலைவனம், வெளிநாட்டு வேலை, பக்ரீத் என்றுதான் மனம் ஓடும். மதுவிலக்கு யாருக்கும் தோன்றாது.

நம் சின்னத்துக்குக் கைவசம் இருப்பவை: சுண்ணாம்பு தடவிய கலயம், பெரிய பித்தளைப் பூட்டு, அரக்கு முத்திரை, சாவடியின் சாய்கட்டை, கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு. ஒரு மனித உருவம் வேண்டுமானால் அவர் இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கட்டும். அடுத்தடுத்த படங்களில் சாவிகளின் எண்ணிக்கை கூடட்டும். ஐந்தாறு படத்தில் வாசகர் உருவத்தைப் பெயர் சொல்லாமலே அடையாளம் காண்பார்.

தேய்ந்துபோன சின்னங்களைத் தள்ளுங்கள்: மண்டையோடு போட்ட பாட்டில், தாலி சுற்றிய பாட்டில், பாட்டிலுக்குள் அடைபட்ட குடும்பம், ரூபாய் நோட்டிலிருந்து கண்ணீர் விடும் காந்தி. ஒவ்வொரு பள்ளி ஓவியப் போட்டியிலும் இவை வரும். கண்டவுடன் 'மதுவிலக்குப் பிரசாரம்' என்று மூளை முத்திரை குத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

கருவைப் பிடிப்பது

தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் சட்டம் சொல்வது. இரண்டாவதில் நடப்பது. மூன்றாவதில் இரண்டையும் தொடும் ஒரே ஒரு பொருள். மூன்றாவது பத்தி நிரம்பாதவரை படம் வராது, வரைய உட்காராதீர்கள். மூன்று கருக்களை இங்கே முழுதாகப் பிரித்துக் காட்டுகிறோம்.

முதல் கரு, சுண்ணாம்பு. பனம்பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைப் புளிக்க வைத்து, அதே சாறு சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த நொதித்தலைத் தடுக்கிறது. முதல் பத்தி: அக்கானி இறக்கலாம், கள் இறக்கக் கூடாது. இரண்டாம் பத்தி: மரமும் பாளையும் கலயமும் ஏறுகிறவரும் ஒன்றே. மூன்றாம் பத்தி: சுண்ணாம்பு. படம் இப்படி வரும்: ஒரே பனை, இரண்டு கலயம். ஒன்றின் உள்விளிம்பில் வெள்ளைக் கோடு. கீழே நிற்கும் அதிகாரி பெரிய சட்டப் புத்தகத்தை விரித்துப் பூதக்கண்ணாடியை மேல்நோக்கிப் பிடிக்கிறார். பனையேறி மரத்திலிருந்தே கேட்கிறார்: "ஏமானே, குத்தம் எனக்கா, பனைக்கா?"

இதில் தவறக்கூடியது: கலயத்தின் உள்விளிம்புக் கோடு சிறிதானால் கரு முழுதும் போய்விடும். கலயங்களை உண்மை அளவைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்குங்கள். மரத்தின் உயரத்தைக் குறையுங்கள்; இல்லையென்றால் அதிகாரியும் பனையேறியும் கட்டத்தின் இரு கோடிக்குப் போய், பார்வை நடுவில் தொலையும். கருவிகள் சரியாக இருக்க வேண்டும்: காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, பாளையை இடுக்கும் கடிப்பு. இவற்றில் ஒன்றைத் தப்பாக வரைந்தாலும் இந்த ஊரில் பெரியவர்கள் கருவைப் பார்க்க மாட்டார்கள், தப்பைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது கரு, எல்லை. ஒரு மரம் தமிழ்நாட்டில் வேர்விட்டுக் கேரளத்துக்குள் சாய்ந்திருக்கிறது. கலயம் தொங்குவது அந்தப் பக்கம். இரு பக்கமும் ஒவ்வொரு காவலர். இதைப் பனையாக வரைந்துவிடுவார்கள். பனை நெட்டுக்குத்தாக வளரும் மரம், எல்லை தாண்டிச் சாயாது. சாய்வது தென்னை. கேரளக் கள்ளில் பெரும்பங்கும் தென்னங்கள்தான். ஆகவே தென்னையை வரையுங்கள். ஓலை இறகுபோல் நீண்டு விழட்டும். பனையோலை விசிறி போல இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிய படத்தை குமரியில் யாரிடமும் காட்ட முடியாது.

மூன்றாவது கரு உள்ளூர் அல்ல. ஆனால் கடற்கரை ஊர்களில் உடனே புரியும். ஐஸ்லாந்தில் 1915 முதல் நாடு தழுவிய தடை இருந்தது. அங்கே பிடிக்கும் மீனை உப்பிட்டுக் காயவைத்து வாங்கிய பெரிய சந்தை ஸ்பெயின். தங்கள் ஒயினை வாங்காவிட்டால் உங்கள் மீனை வாங்க மாட்டோம் என்றது ஸ்பெயின். 1922இல் ஸ்பெயின் ஒயினுக்கு மட்டும் தடை தளர்ந்தது. மற்ற மது 1935இல் வந்தது. வீரியமுள்ள பீருக்கு 1989 மார்ச் 1 வரை தடை நீடித்தது. மூன்றாம் பத்தியில் எழுத வேண்டிய பொருள் கருவாடு. தராசின் ஒரு தட்டில் அது, மறு தட்டில் ஒயின் பீப்பாய், நடுமுள்ளின் இடத்தில் சட்டப் புத்தகம் வளைந்து நிற்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் இந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

2016 டிசம்பர் 15இல் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், கேரளத்தின் பரவூரில் ஒரு பார் தன் வாசலில் சுற்றிச் சுற்றிப் போகும் தடுப்புச் சுவர் கட்டி நடைதூரத்தை நீட்டியது செய்தியானது. நிஜத்திலேயே கார்ட்டூனாக நடந்த விஷயம் அது. அப்படிப்பட்டதை அப்படியே வரைந்தால் படம் செய்தியைவிடச் சிறியதாகிவிடும். ஓரடி தள்ளிப் போங்கள்: அளவு நாடாவே சுவராக எழும்பி நிற்கட்டும்.

சிறுவரைவு

கரு கிடைத்ததும் 5 செ.மீ.க்கு 7 செ.மீ. கட்டங்களில் குறைந்தது எட்டுச் சிறுவரைவு போடுங்கள். முதல் மூன்றும் எல்லோருக்கும் தோன்றுவதாகத்தான் இருக்கும். நான்காவதிலிருந்து உங்களுடையது தொடங்கும்.

தமிழ் வாசகர் கண் இடமிருந்து வலம் போகும். செயல் இடப்பக்கம், அதன் விளைவு வலப்பக்கம். மேலே சொன்ன பனைப் படத்தில் கேட்பவரும் முழிப்பவரும் மேல் கீழாக இருப்பதால், பேச்சுக்குமிழி இடது மேல் மூலையிலும் அதிகாரி வலது கீழ் மூலையிலும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் முழிப்பை முதலில் பார்த்துவிட்டுக் கேள்வியை அப்புறம் படிப்பார்கள், சிரிப்பு செத்துவிடும்.

கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக விடுங்கள். பின்னணியில் கோயில் கோபுரம், திருவள்ளுவர் சிலை, காற்றாலை என்று ஊரை நிரப்பும் ஆசை வரும். குமரி என்று காட்ட ஒன்று போதும். பேச்சே காட்டிவிட்டால் அதுவும் வேண்டாம்.

தாள், மை, தூரிகை

12 செ.மீ. அகலத்தில் அச்சாகும் படத்தை 18 செ.மீ. அகலத்தில் வரையுங்கள். ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் பெரிதாக்கினால் சுருக்கும்போது கோடுகள் இழையாகிவிடும்.

தாள் 200 முதல் 300 ஜி.எஸ்.எம். வழவழப்பான கார்ட்ரிட்ஜ் அல்லது பிரிஸ்டல். இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரம் ஏறிய தாளில் மை மயிர்க்கால்போல் பிரிந்து ஊறும். தாளைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழை நாளில் வரையுமுன் தாளை ஒரு மேசை விளக்கின் கீழ் பத்து நிமிடம் வைத்தால் போதும். ஓரத்தில் ஒரு கோடு இழுத்துச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடிவரைவுக்கு 2எச் பென்சில், அழுத்தாமல். மைக்கு நீர் புகாத இந்தியன் இங்க். உருவங்களின் வெளிக்கோட்டுக்கு 2 அல்லது 3ஆம் எண் தூரிகை, உட்கோட்டுக்கு மையில் தோய்த்து வரையும் ஜி நிப். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்பு நீரில் கழுவாவிட்டால் மை திரளும். கடற்காற்றில் நிப் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். மறுமுறை எடுக்கும்போது மறக்காமல் சோப்பால் கழுவுங்கள்.

செய்தித்தாள் காகிதத்தில் குறுக்குக்கோட்டு நிழலின் இடைவெளி அச்சில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மை நிரம்பி ஒரே கறுப்பாகும். மூல ஓவியத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் பயமில்லை. நீர்த்த மையால் சாம்பல் பூச்சு போடுவது நல்ல காகிதத்துக்கு மட்டும்.

1920களின் அமெரிக்கக் கார்ட்டூனில் வரும் அந்தக் கரடுமுரடான, புள்ளி புள்ளியான நிழல் வேண்டுமென்றால், அக்காலத்தவர் பலர் செய்ததுபோல மெழுகுத்தன்மையுள்ள கறுப்புப் பென்சிலைச் சொரசொரப்பான தாளில் தேய்க்க வேண்டும். கண்ணாடி மீது எழுதும் பென்சில் இதற்குப் பொருந்தும். வழவழத் தாளில் புள்ளி விழாது, அப்பிக்கொள்ளும். வரிசை முக்கியம்: முதலில் மை, அது முழுக்கக் காய்ந்தபின் மெழுகு. மெழுகின் மேல் மை பிடிக்காது, வெள்ளைப் பூச்சும் பிடிக்காது. தப்பு நேர்ந்தால் பிளேடால் மெதுவாகச் சுரண்ட வேண்டியதுதான். ரப்பர் அதை இன்னும் இழுவிவிடும்.

எழுத்தும் பேச்சும்

வசனம் எட்டுச் சொல்லுக்குள் நிற்கட்டும். பொருட்களின் மேல் பெயர் எழுதுவதைக் குறையுங்கள். மூட்டையில் 'வரி', பூட்டில் 'சட்டம்', மனிதர் வயிற்றில் 'அரசு' என்று எழுதித் தீர்ப்பது பழைய வழக்கம். ஒரு படத்தில் ஒரு பெயர்ச்சீட்டு தாராளம். இரண்டாவது தேவைப்பட்டால் கரு தெளியவில்லை என்று பொருள்.

பேச்சு யாருடையதோ அவர் வட்டாரத்தில் இருக்கட்டும். நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர் 'மக்கா' என்பார்; விளவங்கோட்டுப் பேச்சில் மலையாளச் சாயல் கூடும்; அதிகாரி கோப்பு மொழியில் பேசலாம். மூவரையும் ஒரே மேடைத் தமிழில் பேசவிட்டால் யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். அதே நேரம் வட்டாரப் பேச்சே நகைச்சுவை என்று நம்பிவிடாதீர்கள். கேட்பவர் சொல்லில் நியாயம் இருக்க வேண்டும், பேச்சு அதற்கு உடை மட்டும்.

கையெழுத்தில் புள்ளிகளும் சுழிகளும்தான் முதலில் பலியாகும். 'ண', 'ன' சுழிகளை அகலமாக விடுங்கள். புள்ளியைச் சிறு வளையமாகப் போடாமல் தெளிந்த பொட்டாக, எழுத்திலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். அச்சுக்கு மூல ஓவியத்தில் 5 மி.மீ. எழுத்து உயரம் சுருங்கியபின் 3 மி.மீ.க்குச் சற்று மேல் நிற்கும், படிக்கலாம். ஆனால் இன்று பெரும்பாலும் செல்போனில்தான் பார்ப்பார்கள். 18 செ.மீ. படம் அங்கே ஆறரை செ.மீ. அகலத்துக்கு வந்துவிடும். 5 மி.மீ. எழுத்து 2 மி.மீ.க்கும் கீழே போய்விடும். செல்போனுக்கும் அச்சுக்கும் சேர்த்து வரைந்தால் எழுத்து 8 மி.மீ. வேண்டும். வசனத்தைச் சுருக்குவதற்கு இது இன்னொரு காரணம்.

வெளியிடுமுன் சோதனை

வசனத்தைக் கையால் மூடிக்கொண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள்: சட்டம் தெரிந்தவர் ஒருவர், செய்தித்தாள் படிக்காதவர் ஒருவர், குடியால் பாதிக்கப்பட்ட வீட்டைச் சேர்ந்தவர் ஒருவர். "இதில் யார் மீது கோபம்?" என்று மட்டும் கேளுங்கள். மூவரும் ஒரே ஆளைச் சுட்டினால் படம் நிற்கிறது. மூன்றாமவர் முகம் சுருங்கினால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் அம்பு தப்பிய இடத்தைச் சரியாகக் காட்டுவார்.

தடையைக் கேலி செய்யும் படம் மதுவுக்கு விளம்பரமாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. நுரை பொங்கும் கிளாஸை ஆசையாக, பளபளப்பாக வரைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தட்டையாக்குங்கள். தடை தோற்றதைச் சொல்வதும் குடி நல்லது என்று சொல்வதும் ஒன்றல்ல.

சட்டப் பக்கம்

உண்மையான மது பிராண்டின் பெயர், லேபிள் வரையாதீர்கள். அரசு முத்திரை வேண்டுமானால் கற்பனை முத்திரை போடுங்கள். தேசியச் சின்னத்தின் பயன்பாட்டுக்கு 2005ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அச்சின்னத்தை மாற்றி வரைந்த படங்களுக்காக கார்ட்டூனிஸ்ட் அசீம் திரிவேதி 2012 செப்டம்பரில் கைதானார். தேசியக் கொடியையும் விட்டுவிடுங்கள்.

அவதூறு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறை. பதவியில் இருப்பவரின் பொதுச் செயலை விமர்சிக்க விலக்கு உண்டு. 'இவர் லஞ்சம் வாங்கினார்' என்று ஆதாரமின்றிப் படத்தில் காட்டினால் அந்த விலக்கு கைகொடுக்காது. சட்டமன்ற உரிமை மீறல் தனி விஷயம். 1987இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக 2015 அக்டோபரில் பாடகர் கோவன் தேசத்துரோக வழக்கில் கைதானார். பயந்து வரையாமல் இருப்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. பாரதியின் 'இந்தியா' இதழ் அந்நிய ஆட்சியிலேயே கார்ட்டூன் போட்டது. எந்தக் கோட்டுக்கு ஆதாரம் கையில் இருக்கிறது, எதற்கு இல்லை என்று படம் வெளியாகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்கேன், சேமிப்பு

கோட்டோவியத்தை 600 டி.பி.ஐ.யில் கறுப்பு வெள்ளையாக, மெழுகு நிழல் உள்ளதைச் சாம்பல் நிலையில் ஸ்கேன் செய்யுங்கள். 18 செ.மீ. அகலம் ஏறத்தாழ 4,250 பிக்சல் வரும். செல்போனுக்கு 1,080 பிக்சல் அகலத்தில் ஒரு நகல். கையொப்பத்தை மூலையில் போட்டால் வெட்டிவிட்டுப் பகிர்வார்கள். ஓர் உருவத்தின் காலடியில், கோட்டோடு கோடாக எழுதுங்கள்.

மூல ஓவியத்தைச் சுருட்டாமல், அமிலமற்ற தாள்களுக்கு இடையே தட்டையாக வையுங்கள். பின்புறம் பென்சிலால் மூன்று விவரம் எழுதுங்கள்: வரைந்த தேதி, எந்த ஆணையை அல்லது பேச்சைப் பற்றியது, அந்த வாரம் கடைகள் திறந்திருந்தனவா மூடியிருந்தனவா. மூன்றாவது விவரத்தை யாரும் எழுதுவதில்லை. இந்த மாநிலத்தில் கதவு அத்தனை முறை மாறியிருப்பதால், இருபது ஆண்டு கழித்துப் படத்தை எடுப்பவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.